ஏபிஎஸ், சறுக்கல் விளக்கு, ஹில் ஹோல்ட் மூணும் ஒண்ணா எரியுது: வண்டியை ஓட்டலாமா?

புதுச்சக்கரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார், மேனுவல் கியர். சாவியைத் திருப்பினதும் டாஷ்போர்டில் விளக்குகள் எரிஞ்சு அணைஞ்சிடுது. ஆனா கிளம்பி வேகம் 20-ஐத் தாண்டினதும் ஏபிஎஸ், சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு, ஹில் ஹோல்ட் மூணும் ஒரே சமயத்தில் மஞ்சளா வந்துடுது. அணைச்சுட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா போயிடும், ஓட ஆரம்பிச்சதும் திரும்ப வரும். பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. ஆனா சில நேரம், வண்டி நிக்கப் போற கட்டத்தில் பெடல் காலுக்கடியில் தடதடன்னு அதிருது.

மூணும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? இதோட ஓட்டலாமா?

கூடவே ரெண்டு சந்தேகம். ஏர்பேக் விளக்கு மட்டும் எப்பவுமே எரியறதில்லை, சாவி போடும்போதுகூட. அப்படின்னா ஏர்பேக் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்? அடுத்தது, முன்னாடி வெள்ளை விளக்கு தானாகவே எரியுது, மீட்டரும் பளிச்னு தெரியுது. ஆனா பொழுது சாஞ்சதும் பின்னாடி வர்றவங்க ஹார்ன் அடிச்சு ஏதோ சொல்றாங்க. என்னன்னு புரியலை.

ஸ்பேனர்செட்

மூணும் கெடலைங்க. மூணுக்கும் தகவல் போற ஒரே இடத்தில் கோளாறு. நாலு சக்கரத்திலும் வேகத்தை அளக்கிற சென்சார் ஒவ்வொண்ணு இருக்கு. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம (சுத்தாம நின்னுடாம) பார்க்கிற ஏபிஎஸ், சறுக்கலைத் தடுக்கிற இஎஸ்சி, மேட்டில் வண்டி பின்னால உருளாம பிடிக்கிற ஹில் ஹோல்ட் எல்லாமே அந்த நாலு கணக்கை வெச்சுத்தான் வேலை செய்யுது. அதில் ஒண்ணு தப்பாப் போனா, இதையெல்லாம் இயக்குற கம்ப்யூட்டர் யூனிட் எல்லாத்தையும் நிறுத்திட்டு விளக்கைப் போட்டுடும்.

விளக்கு எப்போ வருதுங்கிறதை நீங்க சொன்னது ரொம்ப முக்கியம். சாவி போட்டதிலிருந்தே அணையாம எரிஞ்சா பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும், இல்ல கனெக்டர் கழண்டிருக்கும், ஃப்யூஸ் போயிருக்கும். நின்ன இடத்திலேயே யூனிட்டால் அதைக் கண்டுபிடிக்க முடியும். ஓட ஆரம்பிச்ச பிறகு வந்தா, மின் இணைப்பு சரி, சிக்னல்தான் சரியில்லைன்னு எடுத்துக்கலாம். நிக்கப் போற நேரத்தில் பெடல் அதிர்றதும் அதோட பொருந்துது. ஒரு சக்கரத்தோட சிக்னல் மத்த மூணையும்விட முன்னாடியே விழுந்துடுது. விளக்கு இன்னும் வராத நேரத்தில், அந்தச் சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னு நினைச்சு யூனிட் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குது. அதனால நிறுத்தும் தூரமும் கொஞ்சம் கூடும், கவனம்.

செய்ய வேண்டிய வரிசை இது:

முதல்ல பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். 12.2 காட்டினா பாதி சார்ஜ்தான். ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தா பேட்டரி தளர்ந்துடுச்சு. இன்ஜின் ஓடும்போது பொதுவா 13.8-லிருந்து 14.7 வரைக்கும் வரும். வோல்டேஜ் குறைஞ்சாலே சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் வரிசையா எரியும், அதனாலதான் இது முதல் வேலை.

அடுத்தது பிரேக் லைட் ஸ்விட்ச். பெடலை மிதிச்சா பின் விளக்கு எரியணும், விட்டா உடனே அணையணும். பெடலுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஸ்விட்ச் மக்கர் பண்ணினாலும் இதே மூணு விளக்கும் வரலாம்.

ரெண்டும் சரின்னா ஸ்கேனர், அதாவது வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற கருவி. ஏபிஎஸ் யூனிட்டைப் படிக்கிற ஸ்கேனரா இருக்கணும், இன்ஜின் கோளாறு எண்ணை (கோடு) மட்டும் படிக்கிற மலிவுக் கருவி இதுக்கு உதவாது. அந்தக் கோடைப் படிச்சதோடு விடாம, ஓடும்போதே வர்ற அளவுகளைக் காட்டுற லைவ் டேட்டாவில் நாலு சக்கர வேகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சு, நேர் ரோட்டில் மெதுவா ஓட்டிப் பாருங்க. ஸ்கேனரைப் பார்க்க இன்னொருத்தர் கூட இருக்கணும். கோடை அழிச்சுட்டு 'சரியாயிடுச்சு'ன்னு சாவியைக் கொடுத்தா ஏத்துக்காதீங்க, அது 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான் சரியா இருக்கும்.

மெதுவாப்போ

ஓட்டலாமாங்கிற கேள்விக்கு: ஏபிஎஸ் மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதாரண பிரேக் முழுசா வேலை செய்யும். ஆனா அவசரத்தில் அழுத்தி மிதிச்சா சக்கரம் லாக் ஆகும், லாக் ஆன முன்சக்கரம் ஸ்டீயரிங் சொல்பேச்சு கேட்காது. அப்படி ஆனா பெடலைக் கொஞ்சம் தளர்த்தினாத்தான் வண்டி திரும்பும். இடைவெளியைக் கூட்டி, மழையில் வேகத்தைக் குறைச்சு, ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டலாம். நீண்ட பயணம் வேண்டாம்.

ஏபிஎஸ் மஞ்சளோட வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா நிலைமை வேற. ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்கியாச்சான்னு பாருங்க. இறக்கியும் எரியுதுன்னா, பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு, இல்லைன்னா முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற வேலை நின்னுடுச்சு. அது நின்னா பின்சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி பம்பரமா சுத்திடும். பெடல் வழக்கத்தைவிட கீழே போனாலோ மெதுமெதுன்னு இருந்தாலோ அங்கேயே நிறுத்தி இழுத்துட்டுப் போங்க.

பிரேக் ஆயில் குறைஞ்சா உடனே ஊத்தி நிரப்பறது பலர் பண்ற வேலை. ஆயில் ரெண்டு காரணத்தால்தான் குறையும்: பிரேக் பேட் தேயும்போது அதை அழுத்துற பிஸ்டன் வெளியே வந்து ஆயில் உள்ளே இறங்கும், இல்லைன்னா கசிவு. முதல்ல பேட் கனம் பாருங்க, 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனா மாத்தணும். தேஞ்ச பேடோட ஆயிலை நிரப்பி வெச்சா, புது பேட் போட பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் வழிஞ்சு பெயின்ட்டைத் தின்னுடும்.

சிவப்பில் இன்னும் மூணை மனசில் வெச்சுக்குங்க. எண்ணெய்க் குடுவை படம் இன்ஜின் ஆயில் அளவைப் பத்தினது இல்லை, அழுத்தத்தைப் பத்தினது. ஓடும்போது அது எரிஞ்சா சில நொடிகூடத் தாமதிக்காம ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்க. வளைவில் மட்டும் மினுக்கினா ஆயில் குறைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கைத் துடைச்சு மறுபடி விட்டுப் பாருங்க.

பேட்டரி படம் ஓடும்போது எரிஞ்சா சார்ஜ் ஏறலைன்னு பொருள். பல வண்டிகளில் சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைச் சுத்துற பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுத்துது. அதனால வெப்பமானியை உடனே பாருங்க. பெல்ட் அறுந்திருந்தா ஓட்டவே கூடாது. வெப்பநிலை சிவப்பு வந்தா ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுச் சூட்டில் வெச்சு ஓரங்கட்டுங்க. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்கவே திறக்காதீங்க. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர், மூடி திறந்த நொடியே கொதிச்சு முகத்தில் பீய்ச்சும்.

புதுச்சக்கரம்

நன்றிங்க. பேட்டரி 12.5, ஓடும்போது 14.2. பிரேக் லைட் சரியா எரியுது. லைவ் டேட்டாவில் பின் இடது சக்கரம் மட்டும் மத்ததோட சேர்ந்து ஏறிட்டு, அப்பப்போ சட்டுனு பூஜ்யத்துக்கு விழுது. அந்தப் பக்கத்து சென்சாரைப் புதுசா மாத்தியும் அதேதான். பழைய ரசீதுகளில் அதே சக்கரத்துக்கு வீல் பேரிங் மாத்தினதா இருக்கு.

ஸ்பேனர்செட்

அப்போ சந்தேகம் பேரிங் மேலதான் போகுது. இப்போ வர்ற பல வண்டிகளில் சென்சார் படிக்கிறதுக்குன்னு தனியா பல் வளையம் கிடையாது. பேரிங்கோட ஒரு பக்க சீலிலேயே வடக்கு, தெற்குன்னு மாறி மாறிக் காந்தமேத்தின வளையம் இருக்கும். சென்சார் படிக்கிறது அதைத்தான். ரெண்டு பக்கமும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். காந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்காரணும். தலைகீழாப் போட்டா பேரிங் சத்தமில்லாம நல்லாவே சுத்தும், சிக்னல் மட்டும் சுத்தமா வராது. உங்களுக்கு விட்டு விட்டு வர்றதால திருப்பிப் போட்ட கேஸா தெரியலை. அந்த வளையம் ஒரு இடத்தில் அடிபட்டிருக்கும், இல்ல இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். பிரஸ் இல்லாம சுத்தியலால் தட்டி ஏத்தினா இப்படித்தான் ஆகும்.

சென்சாரைக் கழட்டி, அந்தத் துளை வழியா டார்ச் அடிச்சு, சக்கரத்தைக் கையால் மெதுவா சுத்திப் பாருங்க. வளையத்தில் பள்ளமோ கீறலோ பிசிறோ இருந்தா தெரிஞ்சிடும். காந்தப்புலத்தைக் காட்டுற அட்டை கிடைச்சா வளையத்தில் வெச்சுப் பாருங்க, நல்ல வளையத்தில் கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையா வரும். காந்தம் ஒட்டின டார்ச்சையோ டூல் தட்டையோ பக்கத்தில் கொண்டு போகாதீங்க, வளையம் கெட்டுடும்.

சென்சாரை ஓம் மீட்டரால் அளந்து நல்லது கெட்டதுன்னு முடிவு பண்றது பழைய சுருள் வகைக்குத்தான் பொருந்தும். இப்போ இருக்கிற ஆக்டிவ் வகைக்குள் சர்க்யூட் இருக்கு, அதை அப்படி அளக்கக் கூடாது.

வளையம் நல்லா இருந்தா வயரைப் பாருங்க. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது மடங்கற இடத்தில், மேல் உறை முழுசா இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். லைவ் டேட்டா ஓடிட்டு இருக்கும்போது ஒருத்தர் அதை ஆட்டிப் பார்த்தா பிடிபட்டுடும்.

பச்சைக்கனெக்டர்

ஏர்பேக் விளக்கு விஷயத்தை யாரும் தொடலை, எனக்கு அதுதான் கவலையா இருக்கு. சாவி போட்டதும் அந்த விளக்கு சில நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா நல்லதுன்னு அர்த்தமில்லை. பல்ப் போயிருக்கலாம். இல்லைன்னா விபத்துக்குப் பிறகு கோளாறை மறைக்க யாரோ விளக்கைக் கழட்டியிருக்கலாம், அல்லது பக்கத்து விளக்கோட இணைச்சிருக்கலாம். ஏர்பேக் யூனிட்டை ஸ்கேனரில் படிக்கச் சொல்லுங்க. யூனிட் பதிலே சொல்லலைன்னாலும், மோதல் பதிவு இருந்தாலும் விஷயம் வெளியே வந்துடும். ஸ்டீயரிங் நடு மூடியும் பயணி பக்க டாஷ்போர்டும் நிறம் மாறியோ இடைவெளி விட்டோ இருக்கான்னும் பாருங்க.

இதை மட்டும் வீட்டில் கைவெச்சுப் பார்க்காதீங்க. மஞ்சள் கனெக்டர் இருக்கிற எந்த வயரிலும் மல்டிமீட்டர் முனையை வைக்கக் கூடாது. மீட்டரிலிருந்து போற சின்ன மின்சாரமே பையை வெடிக்க வைக்கலாம். தெரிஞ்சவங்ககூட பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் தொடுவாங்க, ஏன்னா யூனிட்டுக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சீட்டுக்கடியில் இருக்கிற கனெக்டர் தளர்றதும், ஸ்டீயரிங்குக்குள் இருக்கிற சுருள் நாடா அறுறதும் சாதாரணமா வர்ற கோளாறுகள். நாடா அறுந்தா பெரும்பாலும் ஹார்னும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து செத்துடும்.

இது சரியாகிற வரைக்கும் ஏர்பேக் இல்லாத வண்டின்னே நினைச்சு ஓட்டுங்க. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயித்து மேல இல்லாம இடுப்பெலும்பு மேல உட்காரணும், மேல்பட்டை தோள் நடுவில் போகணும். ஏர்பேக் வேலை செய்ற வண்டியில் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 சென்டிமீட்டராவது விடணும். பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்கிற குழந்தை இருக்கையை ஏர்பேக் ஆனில் இருக்கிற முன்சீட்டில் வைக்கவே கூடாது, பை விரியும் வேகம் குழந்தையின் தலையில் நேரா இறங்கும்.

ஒளிக்கோடு

ஹார்ன் அடிக்கிறவங்க உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்கள். முன்னால் தானாக எரிவது பகல்நேர விளக்கு. பல வண்டிகளில் அது எரியும்போது பின்விளக்கு எரியாது. மீட்டரும் எப்போதும் வெளிச்சமாக இருப்பதால் ஹெட்லைட் போட்டுவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. மாலையில், மழையில், சுரங்கப்பாதையில் உங்கள் வண்டி பின்னால் வருபவருக்கு வெறும் இருட்டு. இதற்கு அடையாளம் டாஷ்போர்டிலேயே இருக்கிறது: இரண்டு பக்கமும் கதிர் விடுகிற சிறு விளக்குகள் பச்சையாக எரிந்தால்தான் பின்விளக்கு எரிகிறது. ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தாலும் மழையையும் பகல் பனிமூட்டத்தையும் நம்பி விடாதீர்கள், சென்சார் பார்ப்பது வெளிச்சத்தின் அளவை. அந்த நேரங்களில் கையால் லோ பீம் போடுங்கள்.

நீலம் எரிந்தால் ஹை பீம், எதிரே வண்டி வந்தால் இறக்க வேண்டும். அலைக்கோடு குறுக்கே போகும் விளக்கு பனிமூட்டத்துக்கானது: பச்சை முன்பக்கம், மஞ்சள் பின்பக்கம். மூட்டம் விலகியதும் பின்பக்கத்தை அணைத்துவிடுங்கள். அதன் சிவப்பு பிரேக் விளக்கு அளவுக்குப் பளீரென்று இருப்பதால், நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது. எல்லாம் எரிந்தும் துடித்தால், 21 வாட் பல்ப் இருந்த இடத்தில் எல்இடி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். குறைந்த மின்சாரம் இழுப்பதால் பல்ப் போய்விட்டது என்று வண்டி எண்ணுகிறது.

ஹெட்லைட்டில் ஹாலஜனுக்கு வடிவமைத்த கிண்ணத்தில் எல்இடி திணிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒளி பிறக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெட்டுக்கோடு (வெளிச்சத்தின் மேல்விளிம்பு) கலைந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் ஹெட்லைட் கண்ணாடியின் மஞ்சளை நீக்குங்கள், பிறகு வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபாருங்கள். டயரில் காற்று சரியாக அடைத்து, ஹெட்லைட் உயரம் மாற்றும் சிறு திருகு சக்கரத்தை 0-வில் வைத்து, ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில், சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ஹெட்லைட்டில் 1 சதவீதம் (கீழ்நோக்கிய சரிவு) என்று குறித்திருந்தால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடுவை விட 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும், அப்போது அந்தச் சக்கரத்தை 2, 3 என்று இறக்குங்கள். ஹாலஜன் பல்பைக் கண்ணாடியில் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போகும்.

புதுச்சக்கரம்

டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, வளையத்தில் ஒரு இடத்தில் பள்ளம் தெளிவாத் தெரியுது. பேரிங் மாத்தினதும் விளக்கு தானா போயிடுமா, ஸ்கேனர் வேணுமா?

ஸ்பேனர்செட்

பல வண்டிகளில் நிக்கும்போதே அணையாது, 20-30 வேகத்தில் ஓடி நாலு சக்கர சிக்னலும் சரின்னு யூனிட் உறுதிப்படுத்தின பிறகுதான் அணையும். பழைய கோடு நினைவில் இருக்கும், அதை அழிச்சுடுங்க. புது பேரிங்கைப் பிரஸ்ஸில்தான் ஏத்தணும், பேரிங்கோட உள்வளையம், வெளிவளையம் ரெண்டில் எது இறுக்கமா ஏறி உட்காருதோ அதைத்தான் அழுத்தணும். ஹப் நட்டுக்குக் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்க வேண்டிய அளவு), ஒரு தடவை கழட்டின நட்டைத் திரும்பப் போடாம புதுசு. ஏறினதும் மறுபடி அதே லைவ் டேட்டாவை ஓட்டிப் பார்த்துட்டு வாங்க.