1666 தீக்குப் பிந்தைய லண்டன்: ரென் வரைந்த தெருக்கள் தவறவிட்ட வாய்ப்பா?

நகர்வலன்:
1666 செப்டம்பரில் மூண்ட தீ, லண்டன் நகர மையத்தில் ஏறத்தாழ 13,200 வீடுகளைச் சாம்பலாக்கியது. தீ அடங்கிய சில நாள்களிலேயே, 90, 60, 30 அடி என மூன்று அகலங்களில் நேரான தெருக்களைக் கொண்ட வரைபடம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் அளித்தார். அதைக் கைவிட்டு, வளைந்து நெளிந்த பழைய சந்துகளின் தடத்திலேயே நகரத்தை எழுப்பியது பெரும்பிழை என்பது என் கருத்து. மறுப்போர் காரணத்தோடு மறுக்கலாம்.

காணிக்கல்:
மறுக்கிறேன் நண்பரே. எரிந்தவை வீடுகள்தாம், மனைகள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மனைக்கும் உரிமையாளர், குத்தகைதாரர், உள்குத்தகைதாரர் என அடுக்கடுக்காகப் பாத்தியதை இருந்த நிலையில், ரென்னின் கோடுகளை இழுக்க வேண்டுமானால் அத்தனை நிலத்தையும் வாங்கிக் கலைத்து மறுபடி பங்கிட வேண்டியிருந்திருக்கும். முந்தைய ஆண்டு கொள்ளைநோய், கூடவே டச்சுப் போர். கருவூலத்தில் பணம் ஏது? எரிந்துபோன வீட்டுக்கும் வாடகை கட்ட வேண்டும் என்று குத்தகைதாரர்கள் நெருக்கப்பட்டதால், அவ்வழக்குகளைத் தீர்க்கவே 1667இல் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டியதாயிற்று. வரைபடத்தின் அழகில் மயங்குவோர் இதைப் பேசுவதே இல்லை.

நகர்வலன்:
பழைய தடங்கள் அவ்வளவு புனிதமானவையா? ரோமானியர் அதே மண்ணில் கட்டம்கட்டமாகத் தெருக்கள் அமைத்திருந்தனர். 886இல் ஆல்ஃபிரட் மன்னர் ஊரை மீட்டமைத்தபோது எழுந்த தெருக்கள் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. பாரிஸிலும் அந்நகர நிர்வாகத் தலைவரான ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை நெருக்கமான குடியிருப்புகளை ஊடறுத்தே அகன்ற சாலைகளைத் திறந்தார்.

காணிக்கல்:
ஆல்ஃபிரட் காலத்தில் மதிலுக்குள் பெரும்பகுதி ஆளற்றுக் கிடந்தது. ஓஸ்மானுக்கோ கட்டாயமாக நிலம் எடுக்கும் சட்டமும் பெருங்கடனும் துணைநின்றன; அந்தக் கடனே பின்னர் அவர் பதவிக்கும் உலைவைத்தது.

அளவுகோல்:
பழைய தெருக்கள் பழையபடியே எழவில்லை என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். 1667ஆம் ஆண்டுச் சட்டம் செங்கல்லையும் கல்லையும் கட்டாயமாக்கியது. தெருவின் தரத்துக்கேற்ப வீட்டுக்கு எத்தனை மாடிகள் என்பதையும் வரையறுத்தது. நகர மன்றமான கில்டுஹாலிலிருந்து தேம்ஸ் ஆற்றை நோக்கி கிங் தெருவும் குவீன் தெருவும் திறக்கப்பட்டன. வீடு கட்டுபவர் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்தி ரசீது பெற்று வந்தால்தான், ராபர்ட் ஹூக் போன்ற நில அளவையாளர்கள் வந்து முளையடித்து எல்லையைக் காட்டுவார்கள். அஸ்திவாரம் அதன் பிறகுதான். அகலப்படுத்தியதில் நிலம் இழந்தோருக்கு நிலக்கரி வரியிலிருந்து ஈடு தரப்பட்டது. நகரம் முழுவதையும் அளந்து தீர்த்த இந்த வேலையை, ரென்னின் ஒற்றைத்தாள் வரைபடத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

நகர்வலன்:
ஈடு தர வரி இருந்ததென்றால், செயின்ட் பால் ஆலயத்திலிருந்து வணிகர் கூடமான ராயல் எக்ஸ்சேஞ்ச் வரை ரென் காட்டிய ஒரு நெடுஞ்சாலையையாவது திறந்திருக்கலாமே?

காணிக்கல்:
அந்த இரண்டுக்கும் இடையே சீப்ஸைடும் அதன் தொடர்ச்சியான போல்ட்ரியும் தீக்கு முன்பே இருந்தன. சீப்ஸைடு அன்றைய லண்டனிலேயே அகலமான சந்தைத் தெருக்களில் ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றை வெட்டுவதற்கு எத்தனை பேரின் மனையைப் பிடுங்குவது?