தாழ்த்திய காருக்கு எந்த பம்ப் ஸ்டாப் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். முன்சக்கர இயக்கமுள்ள என் ஹேட்ச்பேக் காரில் குட்டையான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, ஏறத்தாழ 40 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். ஷாக் அப்சார்பர்களும் பம்ப் ஸ்டாப்களும் (ஷாக் தண்டின்மேல் மாட்டியிருக்கும் தடுப்புகள்) காருடன் வந்தவையே. சமமான சாலையில் குறை எதுவும் இல்லை. ஆனால் சிறிய மேடுபள்ளத்திலும் முன்பக்கம் ‘தடக்’ என்று இடிக்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு மேடு குறுக்கிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குறைப்பதா, குட்டையான வேறொன்றை வாங்குவதா, அல்லது அதைக் கழற்றிவிடலாமா?

மறுமொழி 1

கழற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பம்ப் ஸ்டாப் இல்லாவிட்டால், பலத்த அடி விழும்போது ஷாக் அப்சார்பரின் உள்ளே பிஸ்டன் அடிவால்வில் போய் மோதும். அல்லது அதற்கு முன்பே டயர் ஃபெண்டரில் உரசும். இரண்டுமே ஆபத்தானவை.

மறுமொழி 2

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்று கருதுகிறேன். பம்ப் ஸ்டாப்பைக் கடைசி நேரத்தில் தடுக்கும் கட்டையாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஸ்பிரிங்குடன் சேர்ந்து உழைக்கும் இரண்டாவது ஸ்பிரிங். கார் தாழ்ந்ததும் பம்ப் ஸ்டாப்புக்கும் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கைத் தாங்கும் முன்பக்க ஷாக்கின்) தலைக்கும், அதாவது தண்டு வெளிவரும் முனைக்கும், இடையிலுள்ள இடைவெளி சுருங்கிவிடுவதால், வளைவில் உடல் சாயும்போதே வெளிப்பக்க முன்சக்கரம் அதன்மேல் ஏறிவிடுகிறது. அந்தக் கணத்தில் முன்பக்கத்தின் விறைப்பு பல மடங்கு கூடி, அந்த டயரின்மேல் சுமை திடீரென்று ஏறுவதால்தான் பிடிமானம் போகிறது.

பொருளைப் பொறுத்தவரை, நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் நுரையையே பரிந்துரைப்பேன். அது தொடக்கத்தில் மென்மையாக அமுங்கி, போகப் போக விறைப்பாகும். பலத்த அடியில் தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காகவோ நான்கில் ஒரு பங்காகவோ சுருங்கும். கெட்டியான ரப்பரும், நுரையற்ற கெட்டிப் பாலியூரித்தேனும் அவ்வளவு அமுங்குவதில்லை. ஆகவே தாழ்த்திய காரில் அவை தொட்ட உடனே இடியாகத் தெரியும்.

எவ்வளவு நீளம் என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கார் நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது, டஸ்ட் பூட்டை (தண்டைத் தூசியிலிருந்து காக்கும் உறையை) விலக்கி, ஷாக் தண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்பிரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் எடுத்துவிட்டு ஸ்ட்ரட்டை மட்டும் பொருத்தி, காரின் உடலை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, சக்கரத்தை ஜாக்கால் மெல்ல உயர்த்துங்கள். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, எங்கேனும் முதலில் தட்டும் இடத்தில் தண்டு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கார் நிற்கும்போது தெரியும் தண்டு 66 மி.மீ.; பம்ப் ஸ்டாப்பின் நீளம் 58 மி.மீ. ஸ்டியரிங் முழுமையாகத் திரும்பிய நிலையில், 10 மி.மீ. மிச்சமிருக்கும்போது டயர் உள்ஃபெண்டரைத் தொடுகிறது.

மறுமொழி 2

அப்படியானால் இப்போது உங்களுக்கு இருக்கும் இடைவெளி வெறும் 8 மி.மீ.; இடிப்பதில் வியப்பில்லை. நுரை நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் 10 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பதால் கணக்கு 40 மி.மீ. என்று வருகிறது; சற்று இடம் விட்டு, 42 மி.மீ. நீளத்தையே உங்கள் காருக்குக் கீழ்எல்லையாக வையுங்கள். அப்போது இடைவெளி 24 மி.மீ. ஆகும். அதற்கும் குட்டையாக வெட்டினால் டயர்தான் பம்ப் ஸ்டாப்பின் வேலையைச் செய்யும். வெட்டுவதானால், கூம்பிய முனையை விட்டுவிட்டு, மேல்மவுண்ட்டை (ஸ்ட்ரட்டைக் காரின் உடலுடன் இணைக்கும் மேல் பாகத்தை) தொடும் தட்டையான பக்கத்தில் வெட்டுங்கள். மென்மையான தொடக்கம் அந்த முனையில்தான் இருக்கிறது. புதிதாக வாங்கினால் உள்துளை தண்டின் விட்டத்துக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தளர்வாக இருந்தால் அது தண்டில் கீழே சரிந்துவிடும்.

மறுமொழி 3

மேலே சொன்ன கணக்குடன் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இழந்த அசைவு முழுவதையும் எந்தப் பம்ப் ஸ்டாப்பும் திருப்பித் தராது. அசைவு பாதியாகக் குறைந்த ஸ்பிரிங், அதே அடியின் ஆற்றலைத் தாங்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அவ்வளவு விறைப்பை அன்றாடக் காரில் எவரும் விரும்பமாட்டார்கள் என்பதால், மிச்சத்தைப் பம்ப் ஸ்டாப் சுமக்க வேண்டியிருக்கிறது. 42 மி.மீ. பொருத்திய பின், தண்டில் ஒரு கேபிள் டையை ஸ்ட்ரட் தலையை ஒட்டிக் கட்டி, வழக்கமாகப் போகும் சாலைகளில் ஓட்டிப் பாருங்கள். சாதாரண வளைவுகளிலேயே அது 24 மி.மீ.க்கு மேல் தள்ளப்பட்டிருந்தால், நுரையை மேலும் வெட்டாமல், காரை 10 அல்லது 15 மி.மீ. உயர்த்துங்கள், அல்லது சற்று விறைப்பான ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற குட்டை உடல் ஷாக்கையும் சேர்த்து மாற்றுங்கள்.