அசோர்ஸ் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் அம்மாவோடு, அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகலின் தீவுக்கூட்டமான அசோர்ஸ் போகிறேன். ஒன்பது தீவுகளில் சாவோ மிகேல், ஃபையால், பிக்கு மூன்றுக்குத்தான் நேரம்.

அம்மாவுக்கு முட்டிவலி. ஆனாலும் கபெலின்யோஸ் பார்த்தே ஆகணும் என்கிறார். 1957-58இல் கடலுக்குள் வெடித்த எரிமலை, ஃபையாலோடு புது நிலத்தையே சேர்த்துவிட்ட இடம். சாம்பலில் பாதி புதைந்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அதன் அடியிலுள்ள காட்சியகத்துக்கு அதிகம் நடக்காமல் போக முடியுமா?

ஃபையாலின் ஹோர்ட்டாவிலிருந்து பிக்குவின் மதலேனாவுக்குப் படகில் அரைமணி நேரம்தான். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்களாமே, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளவா? 2,351 மீட்டர் பிக்கு மலையில் நான் மட்டும் ஏறுவேன்.

இன்னொன்று: சாவோ மிகேலின் ஃபுர்னாஸில் எரிமலைச் சூட்டில் மண்ணுக்குள் வேகும் கொசீடோ என்ற உணவில் இறைச்சிதான் பிரதானம். நாங்கள் சைவம். காய்கறி மட்டும் வேகவைத்துத் தரும் கடை தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.