கலவரமா, படுகொலையா, துயரமா? 1943 வோலின் பற்றி ஒரு மெய்ப்புச் சந்தேகம்

ஒற்றுப்பிழை (கேள்வி):

வணக்கம். 22 வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ராயப்பேட்டையில் ஒரு சின்னப் பதிப்பகம். மார்கழி வந்துவிட்டால் எங்களுக்கு நந்தனத்தைத் தவிர வேறு ஊர் தெரியாது. இப்போது மேஜையில் கிடப்பது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் கிழக்கு ஐரோப்பியப் பயணநூல். ஆள் நன்றாகவே எழுதுகிறார், ஒற்று மட்டும் கொஞ்சம் தாராளம். சிக்கல் 13ஆவது ஃபாரத்தில் (ஃபாரம் என்றால் ஒன்றாக அச்சாகும் 16 பக்கம்).

197ஆம் பக்கத்தில் ஒரே பத்திக்குள் லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் என்று மூன்று ஊர் வருகிறது. மூன்றும் ஒரே ஊர்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு காபி ஆறிப்போனது. "திருவல்லிக்கேணி, ட்ரிப்ளிகேன் மாதிரியாக்கா?" என்றான் எங்கள் டிடிபி தம்பி. அவ்வளவுதான் என்றால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்.

1943இல், இன்றைய மேற்கு உக்ரைனில் உள்ள வோலின் என்ற பகுதியில் போலந்துக்காரர்கள் கொல்லப்பட்டதை 197இல் 'இனக்கலவரம்' என்கிறார். 199இல் 'வோலின் துயரம்'. 202இல் 'இனப்படுகொலை'. 204இல் 'இரு தரப்பு மோதல்'. போனில் கேட்டேன். "லிவிவில் கைடு ஒன்று சொன்னார், வார்சாவில் கைடு இன்னொன்று சொன்னார், கேட்டதை எழுதினேன். நீங்களே ஏதாவது ஒன்றைப் போட்டு ஒரே மாதிரி ஆக்கிடுங்கம்மா" என்றார்.

ஒரே மாதிரி ஆக்குவதுதான் என் பிழைப்பு. ஆனால் இந்த இடத்தில் பேனா நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஈழத்துச் சிறுகதைத் தொகுப்பில், பக்கத்துக்குப் பக்கம் சொல் மாறுகிறதே என்று எல்லாவற்றையும் 'ஜூலைக் கலவரம்' ஆக்கிவிட்டேன். எழுதியவர் புரூஃப் தாளின் ஓரத்தில் "அங்கே யாரும் யாரோடும் கலவரம் செய்யவில்லை, தங்கச்சி" என்று நீல மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தத் தாளை இன்னும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழன் சாயங்காலம் ஃபாரம் அச்சுக்குப் போகிறது.

மீஞ்சூர் லோக்கல்:

எதுக்குக்கா இவ்ளோ யோசனை? 80 வருஷம் ஆச்சு. 'இனப்படுகொலை'ன்னு போட்டுட்டு 14ஆவது ஃபாரத்துக்குப் போங்க. ஆனா ஒண்ணு, போலந்தும் உக்ரைனும் கூட்டாளின்னுதானே நியூஸ்ல காட்டுறாங்க? இவங்களுக்குள்ளயே வெட்டுக்குத்து நடந்துச்சுங்கறதே எனக்குப் புதுசு.

பழைய வாத்தியார்:

அம்மா, கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரே சொல்லை நாலு பக்கத்திலும் ஒட்டுவதற்கு முன்னால், நாலும் ஒரே சம்பவம்தானா என்று பாருங்கள். உங்கள் ஆசிரியர் முப்பது வருஷத்தை ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கியிருக்கிறார் என்று சந்தேகிக்கிறேன்.

ஆஸ்திரியப் பேரரசு உடைந்தபோது, 1918 நவம்பர் 1 அன்று உக்ரைனியர்கள் லெம்பெர்க்கைப் பிடித்துத் தனி நாடு அறிவித்தார்கள். ஊருக்குள் பெரும்பான்மை போலந்துக்காரர்கள், அடுத்தபடி யூதர்கள். சுற்றுக் கிராமமெல்லாம் உக்ரைனியர்கள். 1919 ஜூலை வரை இரண்டு படைகள் சண்டை போட்டு, போலந்து வென்றது. அது போர். 'இரு தரப்பு மோதல்' அங்கே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

1921 ரீகா ஒப்பந்தத்தில் மேற்கு வோலினும் போலந்துக்கு வந்தது. 1931 கணக்கெடுப்பில் அங்கே 20 லட்சத்துச் சொச்சம் பேர். அதில் போலந்துக்காரர்கள் சுமார் ஆறில் ஒருவர், உக்ரைனியர்கள் மூன்றில் இரண்டு பங்கு. அரசாங்கமோ ஆறில் ஒருவருடையது. ஓய்வுபெற்ற போலந்துச் சிப்பாய்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். காணி நிலத்துக்கு ஏங்கிய உள்ளூர் உக்ரைனியக் குடியானவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். உக்ரைனிய மொழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே போயின. 1930இல் பக்கத்துக் கலீசியாவில் (லெம்பெர்க் இருக்கும் பகுதி) போலீசும் குதிரைப்படையும் ஊர் ஊராகப் புகுந்து கசையடி கொடுத்து, கூட்டுறவுக் கடைகளையும் படிப்பகங்களையும் நொறுக்கின. அது அடக்குமுறை. மறுபக்கம், 1929இல் வியன்னாவில் தொடங்கிய உக்ரைனிய தேசியவாதிகள் அமைப்பு 1934இல் உள்துறை அமைச்சர் பியெராட்ஸ்கியை வார்சாவில் சுட்டுக் கொன்றது. அதற்காகச் சிறைக்குப் போனவர்களில் ஒருவர்தான் ஸ்தெபான் பந்தேரா.

அடுத்து வருவதைத்தான் மாணவர்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். 1939இல் சோவியத் படை வந்து, ஆயிரக்கணக்கான போலந்துக் குடும்பங்களை ரயிலேற்றி சைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் அனுப்பியது. 1941இல் ஜெர்மானியர் வந்தார்கள். 1942இல் வோலினின் யூதர்களை ஏறக்குறைய முழுவதுமாக ஜெர்மானியர் கொன்றபோது, ஊரை வளைத்து நின்ற துணைப் போலீசில் உக்ரைனிய இளைஞர்கள் இருந்தார்கள். விடிவதற்குள் ஒரு கிராமத்தை எப்படிச் சுற்றி வளைப்பது என்பதை அங்கே பழகினார்கள். 1943 வசந்தத்தில் அவர்களில் சுமார் 5,000 பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார்கள்.

1943 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் சுமார் நூறு போலந்துக் குடியிருப்புகளை அந்தக் கிளர்ச்சிப் படை தாக்கியது. சனங்கள் பூசைக்குக் கூடும் நாள் என்று பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். போரிட்ஸ்க், கிஸெலின் தேவாலயங்களில் பூசைக்கு வந்தவர்களையே கொன்றார்கள். பல ஊர்களில் ஆயுதம் கோடரி, அரிவாள், வைக்கோல் வாரும் கவைமுள். கிஸெலினில் ஒரு கூட்டம் பாதிரியார் வீட்டு மாடிக்கு ஏறி, சுவரிலிருந்து செங்கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து எறிந்தே தப்பியது. முந்தின நாள்தான், போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்குப் போன 28 வயதுக் கவிஞர் ஸிக்முந்த் ரூமெல் கொல்லப்பட்டிருந்தார். போலந்து, உக்ரைன் இரண்டையும் தாய் என்று பாடியவர் அவர்.

வோலினில் மட்டும் கொல்லப்பட்ட போலந்துக்காரர்கள் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். 1944, 45இல் கலீசியாவில் நடந்ததையும் சேர்த்தால் ஒரு லட்சம் வரை போகும். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். இதைக் 'கலவரம்' என்று எழுதினால் அது சொற்பிழை இல்லை அம்மா, பொருட்பிழை.

ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டாலும் தப்பு. 1944 மார்ச் 10 அன்று சஹ்ரின், 1945 மார்ச் 3 அன்று பவ்வொகோமா: போலந்துப் படைகள் உக்ரைனியக் கிராமங்களில் புகுந்து, கையில் ஆயுதமே இல்லாதவர்களைக் கொன்றன. உக்ரைனியர் பக்கம் மொத்தச் சாவு 10,000 முதல் 20,000 வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் இது வருகிறதா, எந்தச் சொல்லோடு வருகிறது என்று பாருங்கள்.

கடைசியில் ஸ்டாலின் கோடு போட்டார். 1944-46இல் ஏழெட்டு லட்சம் போலந்துக்காரர்கள் மேற்கே, சுமார் 4.8 லட்சம் உக்ரைனியர்கள் கிழக்கே. மிஞ்சிய 1.4 லட்சம் உக்ரைனியர்களை 1947இல் போலந்து அரசு ராணுவத்தை வைத்துத் தூக்கி, வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தது.

ஊர்ப்பெயருக்குச் சுலபமான வழி: ஆஸ்திரியா காலம் வரை லெம்பெர்க், போலந்து ஆண்ட காலத்துக்கு லுவூஃப், இன்றைக்கு லிவிவ். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

வ்ரோட்ஸ்வாஃப் ரிட்டர்ன்:

வாத்தியார் சொன்ன 'மேற்கே' என்பது எங்கே என்றால், நான் மூன்று வருஷம் ஐடி வேலை பார்த்த வ்ரோட்ஸ்வாஃப். 1945 வரை ஜெர்மன் நகரம். ஜெர்மானியர்களை வெளியேற்றிவிட்டு, கிழக்கிலிருந்து வந்தவர்களை அந்தக் காலி வீடுகளில் குடிவைத்தார்கள். லுவூஃபின் பழைய நூலகமான ஒஸ்ஸொலினேயம்கூட இங்கே இடம்பெயர்ந்து வந்ததுதான். என் வீட்டு ஓனர் பாட்டியின் அம்மாவும் லுவூஃபிலிருந்து வந்தவர். சமையலறை அலமாரியில் அந்த ஊர் முத்திரை போட்ட ஒரு வெண்கல உரல் இருக்கும். இடிக்க மாட்டார், துடைத்து வைப்பார்.

அக்கா சொல்லைப் பற்றிக் கேட்டதால்: போலிஷில் இதற்கு சனங்கள் சொல்வது 'ஜெஷ்'. கறிக்கடைக்காரர் 'ஜெஷ்னிக்'. வேர் ஒன்றே. ஆக, நேர்த்தமிழ் 'வெட்டு'. உக்ரைனியர்கள் சொல்வது 'வோலின் துயரம்'. 2016 ஜூலையில் போலந்து நாடாளுமன்றம் 'இனப்படுகொலை' என்று தீர்மானம் போட்டது. அந்தச் சொல்லை உக்ரைன் ஏற்கவில்லை. 'துயரம்' என்றால் புயல் அடித்த மாதிரி, செய்தவனே இல்லாத சொல் என்று பாட்டிக்குக் கோபம்.

அதே பாட்டி, 2022 மார்ச்சில் வோலினின் லுட்ஸ்கிலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு உள்ளறையைத் திறந்துவிட்டார், வாடகை கேட்கவில்லை. உருளைக்கிழங்கும் பால்கட்டியும் வைத்து வேகவைக்கும் கொழுக்கட்டை ஒன்று, பெயர் பியெரோகி ருஸ்கியே. 'ருஸ்கியே' என்றால் ரஷ்யா இல்லை, பழைய ருத்தீனியா, அதாவது இவர்கள் எல்லோரும் விட்டுவந்த அந்தக் கிழக்கு. அந்த வருஷம் பல ஓட்டல்கள் பலகையில் பெயரை அழித்து 'உக்ரைனியக் கொழுக்கட்டை' என்று எழுதின. ஜூலை 11 அன்று பாட்டி பால்கனியில் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் என்ன விசேஷம் என்று கேட்டேன். பாட்டி சொல்லச் சொல்ல அந்தப் பெண் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

இன்னொன்று: 2017இலிருந்து, கொல்லப்பட்ட போலந்துக்காரர்களின் புதைகுழிகளைத் தோண்ட உக்ரைன் அனுமதி கொடுக்காமல் இருந்து, 2025இல்தான் புஸ்னிகி என்ற ஊரில் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். 42 பேர் என்று எண்ணி அந்தச் செப்டம்பரில் அடக்கம் செய்தார்கள்.

வெள்ளவத்தை:

அக்கா, இப்ப வளசரவாக்கத்தில இருக்கிறன். அந்த நீல மை ஆள் நானில்லை, ஆனா நானும் அதைத்தான் எழுதியிருப்பன். 83இல எனக்கு எட்டு வயசு. எங்கட ஒழுங்கைக்குள்ள வந்தவங்கட கையில வாக்காளர் பட்டியல் இருந்தது. கலவரம் செய்யிறவன் பட்டியல் பாத்து வீட்டு நம்பர் தேடமாட்டான். ஒரே ஞாயிற்றுக்கிழமை நூறு ஊருக்குப் போனவனும் அப்பிடித்தான்.

ஆனா வாத்தியார் ஐயா கேட்ட மற்றக் கேள்வியையும் விடாதேங்கோ. 83க்குப் பிறகு எங்களைக் கப்பலில யாழ்ப்பாணம் அனுப்பினவை. பள்ளிக்கூடக் காற்சட்டை தைக்கிறது சோனகதெருவில ஒரு நானாவிட்ட. 1990 ஒக்ரோபர் 30, முஸ்லிம் சனம் எல்லாம் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட வேணும் எண்டு புலிகள் அறிவிச்சினம். அடுத்த நாள் நான் கடைக்குப் போனன், காற்சட்டை எடுக்க. கதவு பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக்குள்ளால பாத்தா என்ர துணி மெசினில ஊசி குத்தினபடியே கிடக்கு. ஒரு கால் தைச்சு முடிஞ்சு.

83ஐ இனப்படுகொலை எண்டு சொல்லுற நாங்கள், இதை 'இடம்பெயர்வு' எண்டு மெல்லமாச் சொல்லிப் போட்டு அடுத்த கதைக்குப் போவம். வீட்டிலயே அப்பிடித்தான். அதால, சஹ்ரினுக்கு உங்கட ஆசிரியர் என்ன சொல் போட்டிருக்கிறார் எண்டு அறிய ஆசை.

ஒற்றுப்பிழை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 13ஆவது ஃபாரத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வாத்தியார் சார் சந்தேகம் சரி. 204இல் உள்ள 'மோதல்' 1918-19 பற்றியது. அதைப் 'போர்' ஆக்கினேன். 197, 202 இரண்டும் 1943. ஆசிரியரிடம் பேசி 'படுகொலை' என்று வைத்திருக்கிறேன். போலந்து நாடாளுமன்றம் சொல்வது இது, உக்ரைன் சொல்வது இது என்று 202இல் இரண்டு வாக்கியம் சேர்த்துக் கொடுத்தார். 199இல் லிவிவ் கைடு பேசுகிறார், 'துயரம்' அவர் வாயிலிருந்து வருகிறது. மேற்கோள்குறிக்குள் விட்டுவிட்டேன்.

வெள்ளவத்தைத் தம்பி, சஹ்ரின் ஒரே வரியில் வருகிறது, 206இல். "போலந்துப் படைகளின் பதிலடியில் சில கிராமங்கள் பாதிக்கப்பட்டன." உங்கள் பதிவைப் படிக்காவிட்டால் தாண்டிப் போயிருப்பேன், ஏனென்றால் அந்த வரியில் ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. போனில் படித்துக் காட்டினேன். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அங்கேயும் அதே சொல்லைப் போடுங்க" என்றார். ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்தாயிற்று. இரண்டு வரி கூடியதால் 208ஆம் பக்கம் வழிந்தது. டிடிபி தம்பி ஒரு படத்தைச் சுருக்கிச் சமாளித்தான்.

வியாழன் மதியம் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். நாலு மணிக்கு லேமினேஷன் முடிந்து அட்டை வந்தது. 500 பிரதிக்கும் சேர்த்து. பின்னட்டையின் முதல் வரி: "ஐரோப்பாவின் கலவர பூமிகளினூடே ஓர் பயணம்." 'ஓர்' தப்பு, 'ஒரு' என்றுதான் வரவேண்டும். அதைக்கூட யாரும் என்னிடம் காட்டவில்லை.