பரப்பளவு ஏன் குறைந்தது? கரித்தூள் எடையில் நான் விட்ட பிழை

முதுகலை ஆய்வுக்காக மலேசியாவின் நிபோங் திபாலில் இருந்தபோது நடந்தது. செம்பனைக் கொட்டை ஓட்டைக் கரியாக்கி, நீராவி கொடுத்துத் துளைகளைத் திறந்து, சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கப் பார்த்தேன். ஒரு கிராம் கரிக்குள் எத்தனை சதுர மீட்டர் என்று அறிய, வாயு ஒட்டுவதை வைத்துப் பரப்பளவைக் கணக்கிடும் பி.ஈ.டி. சோதனைக்குக் கொடுத்தேன்.

மாதிரிக் குழாயை 77 கெல்வினில் திரவ நைட்ரஜனில் இறக்கி, நைட்ரஜன் வாயுவைச் சிறுகச் சிறுக விடுவார்கள். ஓர் அடுக்கு மூட எத்தனை மூலக்கூறுகள் வேண்டும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0.162 சதுர நானோமீட்டர் என்று பெருக்கினால் பரப்பளவு வந்துவிடும். அதைக் கரியின் எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கான கணக்கு.

எனக்கு வந்தது 790. ஆயிரத்தை எதிர்பார்த்திருந்தேன். அடுப்பைச் சந்தேகித்தேன், நீராவியைச் சந்தேகித்தேன், இரண்டு வாரம் போச்சு.

ஆய்வக அக்காதான் கண்டுபிடித்தார். டீகாஸ் செய்த, அதாவது வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தையும் வாயுக்களையும் வெளியேற்றிய தூளில் கொஞ்சத்தைத் தராசில் கொட்டி, "பாரு" என்றார். வெளியே நல்ல மழை. தராசின் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. கரி காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கிறது! நான் எழுதிக் கொடுத்த 0.150 கிராம் டீகாஸுக்கு முந்தைய எடை. 300 டிகிரியில் இரவு முழுக்க வெற்றிடத்தில் வைத்த பிறகு, குழாயோடு எடை பார்த்து, வெறுங்குழாய் எடையைக் கழித்தால் 0.121தான். அந்த எடையால் வகுத்தால் 979.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பதில், பட்டர்வொர்த்திலிருந்து:
தம்பி, எடை சரியாக இருந்தும் நான் ஏமாந்திருக்கிறேன். மென்பொருள் தானாகவே 0.05 முதல் 0.30 வரை சார்பழுத்தத்தை (வாயுவின் அழுத்தம் அதன் நிறைவழுத்தத்தில் எத்தனை பங்கு என்பதை) எடுத்துக்கொண்டது. நேர்கோடு கண்ணுக்கு அழகு. ஆனால் வாயு பரப்பில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்று காட்டும் சி மாறிலி கழித்தல் குறியோடு நின்றது. அப்படி வரவே கூடாது. நம் கரியில் நுண்துளைகள் அதிகம், 0.1 தாண்டுவதற்குள் அவை நிரம்பிவிடும். வரம்பைக் கீழே இறக்கியதும் சி நேர்க்குறிக்கு வந்தது, பரப்பளவும் மாறியது. 1938-ல் புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் சொன்ன கணக்கு அடுக்கடுக்காக ஒட்டுவதற்கானது. குறுகிய துளைக்குள் அடுக்குக்கு இடம் ஏது?

பதில்:
நன்றி அண்ணே. என் 979-க்கு எந்த வரம்பு என்று இப்போதுதான் பார்த்தேன். அதே 0.05 முதல் 0.30. தரவு கையில் இருக்கிறது, இன்றிரவே திரும்பக் கணக்கிடுகிறேன்.