'ரெஸ்டோர்': மீட்பா, மீளிருத்தலா, மீட்சியா?

அன்புள்ள கலைச்சொல் நண்பர்களுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

காப்புநகலிலிருந்து கோப்புகளைத் திரும்ப வைக்கும் 'ரெஸ்டோர்' பணிக்கு ஈப்போ நண்பர் 'மீட்டமைத்தல்' என்பதையும், கோலாலம்பூர் அம்மையார் 'மீட்பு' என்பதையும் பரிந்துரைத்திருந்தார்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 'மீட்டமை' என்பது பல செயலிகளில் 'ரீசெட்' என்பதற்கு வழங்கிவருகிறது. இருப்பதை அழித்துத் தொடக்கநிலைக்குக் கொண்டுபோகும் பொத்தானும், அழிந்ததைத் திரும்ப வைக்கும் பொத்தானும் ஒரே பெயரைத் தாங்குவது ஆபத்தானது. 'மீட்பு' நல்ல சொல்தான். ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே மூன்று வேலைகளை ஏற்றிவைத்திருக்கிறோம்.

கடந்த மாதம் ஜார்ஜ் டவுனில் உள்ள ஓர் அச்சகத்தின் சோலாரிஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பழைய சேவையகத்தை, காப்புநகல் எடுத்துவைத்த டிடிஎஸ்-2 வகைக் காந்த நாடாக்களிலிருந்து உயிர்ப்பிக்கும் பணியில் இருந்தேன். 'நிலை 0' என்று எழுதிய நாடாவில் முழு நகல் இருந்தது. 'நிலை 5' என்ற நாடாவில் அதற்குப் பின் மாறியவை மட்டும் இருந்தன. முதலில் 0, பிறகு 5 என்ற வரிசை தவறக்கூடாது. நிலை 0 வட்டில் ஏறி முடிந்த மாலையில், மறுநாள் காலை வரவிருந்த தம்பிக்காக 'மீட்பு முடிந்தது' என்று தாளில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் அதை முழுவேலையும் முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தபின் நீக்கலாம் என்று கையேடு சொல்லும் 'ரெஸ்டோர்சிம்டேபிள்' கோப்பை நீக்கிவிட்டார். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே தகவலைக் கடத்துவது அந்தக் கோப்புதான். அது இல்லாமல் நிலை 5-ஐ ஏற்ற முடியாது. மீண்டும் 0-இலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. பிழை அவருடையது அல்ல, என் சொல்லினுடையது. நல்லவேளையாக, நாடாவின் படிமத்தை, அதாவது அதன் அச்சு அசலான நகலை, முன்னரே வேறொரு வட்டில் எடுத்துவைத்திருந்தோம். ஏனெனில் அந்த நாடா இரண்டாம் முறை படிப்புக்கு இசையவில்லை.

இந்த வேலையைச் செய்தவர்கள் அதில் மூன்று கட்டங்கள் இருப்பதை அறிவார்கள். முதலாவது, நாடாவிலிருந்து தரவை உயிரோடு வெளியே கொண்டுவருவது. நாடாவில் தவறுதலாக எதுவும் எழுதப்படாதபடி காக்கும் எழுதுதடுப்பை முதலில் இட வேண்டும். தரவை அப்படியே படியெடுக்கும் 'டிடி' கட்டளைக்குத் தரும் தொகுதி அளவு (ஒரே தடவையில் படிக்கும் தரவின் அளவு) நாடாவில் எழுதப்பட்ட அளவைவிடச் சிறியதாக இருந்தால் படிப்பு பிழையோடு நின்றுவிடும். ஒரே நாடாவில் மூன்று கோப்பு முறைமைகள் அடுத்தடுத்து இருந்தால், படித்து முடித்ததும் நாடாவைத் தானாகத் தொடக்கத்துக்குப் பின்சுற்றாத சாதனப் பெயரைப் பயன்படுத்தாதவருக்கு ஒவ்வொரு முறையும் முதலாவதே வந்துகொண்டிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் கிடந்து பூஞ்சை பிடித்த நாடா என்றால், இந்தக் கட்டமே பல நாட்களை விழுங்கும். இதற்கு 'மீட்பு' மிகப் பொருத்தம். அடகுக்கடையில் கிடக்கும் நகையை மீட்பதைப் போல, சிறைப்பட்ட ஒன்றை வெளியே எடுப்பது இது.

இரண்டாவது, வெளியே வந்த கோப்புகளை அவற்றின் பழைய அடைவு, உரிமையாளர், அனுமதிகளோடு அதே இடத்தில் அமர்த்துவது. 'ரெஸ்டோர்' கட்டளை செய்வது இதைத்தான். இதற்கு 'மீளிருத்தல்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'இரு' என்பதன் பிறவினை 'இருத்து'; 'மீளிருத்து' என்பது கட்டளையாகவும் பொத்தானாகவும் எளிதில் வரும். 'மீள்வைப்பு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். 'வைப்பு' என்றவுடன் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வருவதால் விட்டுவிட்டேன். 'மீள்நிறுவல்' வேறு, அது மென்பொருளைப் புதிதாக நிறுவுவது. ஒருவர் தவறுதலாக அழித்த ஒரே ஒரு கோப்பைத் திரும்ப வைப்பதும் மீளிருத்தலே; அங்கே சேவையகம் விழவே இல்லை.

மூன்றாவதுதான் அச்சகத்தார் கேட்டது: பொறி பழையபடி வேலை செய்ய வேண்டும். எல்லாக் கோப்புகளும் இடத்தில் அமர்ந்த பின்னும் எங்கள் சேவையகம் எழவில்லை. பொறியை எழுப்பும் சிறு நிரலான தொடக்கத் தொகுதி புதிய வட்டில் எழுதப்படவில்லை. 'இன்ஸ்டால்பூட்' கட்டளையால் அதை எழுதினோம். பிறகு வட்டின் சாதனப் பெயர் மாறியிருந்ததால் எந்த வட்டை எங்கே இணைப்பது என்று குறிக்கும் 'விஎப்எஸ்டேப்' கோப்பைத் திருத்தினோம். அதன்பின் பொறி எழுந்தது, ஆனால் தமிழ் ஆவணங்கள் குழம்பித் தெரிந்தன. அவை தொண்ணூறுகளின் இறுதியில் புழங்கிய டிஸ்கி குறியாக்கத்தில், அதாவது தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் ஒரு பழைய முறையில் இருந்தன. அதில் 'கெ' என்ற எழுத்தின் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி, ககரத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். யூனிகோடிலோ ககரம் முதலில் வரும். வரிசையை மாற்றித் தரும் மாற்றியின் வழியே செலுத்திய பிறகே, முதலாளி தம் பழைய திருமண அழைப்பிதழ்களைப் படித்தார். ஆகவே இரண்டாம் கட்டம் முடிந்ததை வைத்து மூன்றாம் கட்டமும் முடிந்ததாகக் கொள்ள இயலாது. இதற்குத் தமிழில் சொல் காத்திருக்கிறது: 'மீட்சி'. ஆள் என்பதிலிருந்து ஆட்சியும் நீள் என்பதிலிருந்து நீட்சியும் வருவதுபோல, மீள் என்பதிலிருந்து மீட்சி. தரவை நாம் மீட்கிறோம், பொறி மீள்கிறது. தன்வினை, பிறவினை என்று நம் மொழி இயல்பாகவே காட்டும் இந்த வேறுபாட்டைக் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மலாயில் காப்புநகலைச் 'சண்டாரான்' என்பார்கள். சாய்ந்துகொள்ளும் இடம் என்ற அழகான பொருள். ஆனால் ரெஸ்டோர், ரெக்கவர் இரண்டையும் 'பூலிஹ்' என்ற ஒரே வேரிலிருந்துதான் சொல்கிறார்கள். அந்த மாதிரியைப் பார்த்து நாமும் ஒரே சொல்லில் அடங்க வேண்டியதில்லை.

'மீளிருத்தல்' உச்சரிக்கச் சற்று நீளம் என்ற மறுப்பு வரலாம். இதைவிடக் குறுகிய, இதே தெளிவுள்ள சொல் கிடைத்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன். இப்போதைக்கு எங்கள் பணித்தாளில் இப்படித்தான் எழுதுகிறோம்: 'மீட்பு முடிந்தது, படிமம் இரண்டு வட்டுகளில் உள்ளது. நிலை 0 மீளிருத்தல் முடிந்தது, நிலை 5 மீதம். மீட்சி இன்னும் இல்லை.'