மார்ச் விடுமுறையில் ஹூஸ்டனிலிருந்து ஃப்ளோரிடா வரை ஆர்.வி. பயணம்: ஒன்பது நாள் போதுமா?

புதுஓட்டி

வணக்கம். மார்ச் நடுவில் பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக். சனிக்கிழமை தொடங்கி அடுத்த ஞாயிறு வரை ஒன்பது நாள் கையில் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். முட்டிவலி, அதோடு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். காரில் கூட்டிப்போனால் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் இறக்கி ஏற்ற வேண்டும். அதனால் 25 அடி கிளாஸ் சி ஆர்.வி. (படுக்கை, சமையலறை, பாத்ரூம் எல்லாம் உள்ள நடுத்தர அளவு வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஐ-10 நெடுஞ்சாலையைப் பிடித்து, லூசியானா, மிசிசிப்பி, அலபாமா தாண்டி ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜார்ஜ் தீவு வரை போகலாம் என்று யோசனை. போகும்போது நியூ ஆர்லியன்ஸில் ஒரு ராத்திரி. வெள்ளை மணல் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது.

நான் இதுவரை ஓட்டியதில் பெரிய வண்டி மினிவேன்தான். இப்போது ஜனவரி, இன்னும் எதையும் புக் பண்ணவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லுங்கள்.

பஞ்சர்பாண்டி

அனுமதி கொடுத்துவிட்டீர்கள், திட்டிவிடுகிறேன்.

ஒரு கணக்கு போடுங்கள். ஹூஸ்டனிலிருந்து செயின்ட் ஜார்ஜ் தீவு ஏறக்குறைய 680 மைல். போக வர, அங்கே இங்கே சுற்ற என்று 1,500 மைல் வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸ் சி ஒரு காலனுக்கு எட்டு மைல் கொடுத்தாலே பெரிய விஷயம். கிட்டத்தட்ட 190 காலன் பெட்ரோல். வாடகைக்காரர்கள் தினசரி மைல் அளவு வைத்து, அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் தனியாகக் காசு வாங்குவார்கள். ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கு வேறு. இதையெல்லாம் கூட்டினால் கடலைப் பார்த்த நல்ல அபார்ட்மெண்டே கிடைக்கும், லிஃப்டோடு. அம்மாவின் முட்டிக்கு லிஃப்ட்தான் வேண்டும். ஆர்.வி. வாசல் படி செங்குத்தாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா?

இரண்டாவது, சனி மதியம் வண்டி எடுத்து ஞாயிறு காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மிச்சம் என்ன?

நங்கூரம்

பாண்டி சொன்ன கணக்கு சரி, முடிவு தப்பு.

நாங்கள் பதினோரு வருடமாகச் சொந்த ஆர்.வி. வைத்திருக்கிறோம். ஆர்.வி.க்காரர்கள் வட்டாரத்தில் 3-3-3 என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஒரு இடத்தில் 3 ராத்திரி தங்கு. சட்டம் ஒன்றுமில்லை, இடுப்பு ஒடிந்த அனுபவசாலிகள் சொல்லி வைத்தது. ஆர்.வி. என்பது தூரம் போகிற வண்டி என்று நினைப்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். அது நிறுத்தி வைத்து வாழ்கிற வீடு. நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர்க் குழாயைக் கழற்று, கரண்ட் ஒயரைச் சுற்று, கழிவுத்தொட்டியைக் காலி பண்ணு, அலமாரிக் கதவெல்லாம் பூட்டு என்று ஒரு மணி நேரம் போய்விடும்.

அம்மாவுக்குப் பாத்ரூம் கூடவே வருவது பெரிய வசதி, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் வண்டி ஓடும்போது எழுந்து நடக்க விடாதீர்கள். ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளைகளும் மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு வரக்கூடாது, எல்லாருக்கும் பெல்ட் போட்ட இருக்கை இருக்கிறதா என்று எடுக்கும்முன் எண்ணிப் பாருங்கள்.

என் யோசனை: தூரத்தைப் பாதியாக வெட்டுங்கள். ஆர்.வி.யை வெட்டாதீர்கள்.

குவார்ட்ஸ்மணல்

வெட்டுவது என்றால் எங்கே? ஃப்ளோரிடாவையா? அதை விட்டுவிட்டால் வளைகுடாக் கரையில் என்ன இருக்கிறது?

பென்சகோலாவிலிருந்து கிழக்கே இருக்கும் மணல் ஏறக்குறைய சுத்தமான குவார்ட்ஸ். அப்பலாச்சியன் மலைப் பாறைகள் கரைந்து ஆறுகளோடு வந்து சேர்ந்தது. காலை வைத்தால் கீச்சென்று சத்தம் வரும், வெயிலிலும் அவ்வளவாகச் சுடாது. டெக்சாஸ் கரையில் இருப்பது ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கலந்த பழுப்பு மணல். பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தது வெள்ளை மணல் அல்லவா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் செயின்ட் ஜார்ஜ் தீவை விட்டுவிட்டு பென்சகோலாவோடு நில்லுங்கள். 530 மைல்தான். கல்ஃப் ஐலண்ட்ஸ் தேசியக் கடற்கரையின் ஃபோர்ட் பிக்கன்ஸ் முகாம் (ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் இடம்) அங்கே இருக்கிறது. 1886 முதல் 1888 வரை அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவை அடைத்து வைத்திருந்த கோட்டை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் முகாம். என் மகன் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறான்.

நங்கூரம்

குவார்ட்ஸ்மணல், ஜனவரியில் வந்து ஃபோர்ட் பிக்கன்ஸ் என்கிறீர்களே! அங்கே ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. மார்ச் நடு வார இடங்கள் செப்டம்பரிலேயே போயிருக்கும். ஃப்ளோரிடா மாநிலப் பூங்காக்கள் இன்னும் மோசம். 2024 முதல் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்கள் 11 மாதம் முன்பே எடுக்கலாம், நம்மைப் போல வெளிமாநிலத்தார் 10 மாதம்தான். ஒரு மாதம் அவர்கள் பொறுக்கிவிட்டு மிச்சம் வைத்ததைத்தான் நாம் பார்க்க முடியும்.

குவார்ட்ஸ்மணல்

ரத்து ஆகிற இடங்கள் வரும். தினமும் காலையில் பார்த்தால் கிடைக்கும், எனக்குக் கிடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் அலபாமாவின் கல்ஃப் ஸ்டேட் பார்க், அங்கே மட்டும் ஐந்நூறுக்குக் கிட்டத்தில் முகாம் இடங்கள். அதே வெள்ளை மணல்தான். 28 மைல் தார் போட்ட சைக்கிள் பாதை, எங்கேயும் மேடு கிடையாது.

பஞ்சர்பாண்டி

"கிடைக்கும்" என்று சொல்லித்தான் நானும் ஒரு வருடம் கிளம்பினேன். கிடைக்கவில்லை. வழியில் ரெஸ்ட் ஏரியாவில் தூங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. டெக்சாஸில் 24 மணி நேரம் நிறுத்தலாம், ஃப்ளோரிடாவில் 3 மணி நேரம்தான் என்று அங்கே போய் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ராத்திரி பதினொன்றுக்கு, இரண்டு பிள்ளைகளும் அழ அழ.

நியூ ஆர்லியன்ஸ் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே. ஃபிரெஞ்ச் குவார்ட்டர் என்ற பழைய நகர்ப் பகுதியின் சந்துக்குள் 25 அடி வண்டியைக் கொண்டுபோனால் பால்கனியைப் பெயர்த்துக்கொண்டு வருவீர்கள். வெளியே நிறுத்திவிட்டு வாடகைக் காரில் போக வேண்டும். இதுதான் நான் கேட்பது: முகாமில் நிறுத்தினபின் பால் வாங்க எப்படிப் போவீர்கள்? வீட்டையே ஓட்டிக்கொண்டா?

நங்கூரம்

பால் கேள்வி நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கடை பக்கத்தில் இருக்கிற முகாமாகப் பார்க்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸை எடுத்துவிடுங்கள், அது இந்தப் பயணத்தோடு ஒட்டாது.

குருவிநோட்டம்

எல்லாரும் ஏன் கிழக்கையே பார்க்கிறீர்கள்? ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே திரும்புங்கள். ராக்போர்ட், போர்ட் அரன்சஸ், பாட்ரே தீவு. ஒரு பக்கம் 200 மைல் சொச்சம், ஒரே நாளில் மாலை 3 மணிக்கு முன் போய்ச் சேரலாம். நங்கூரம் சொன்ன கணக்குக்கு அப்படியே பொருந்தும்.

மார்ச் நடுவில் அரன்சஸ் சரணாலயத்தில் ஊப்பிங் கொக்குகள் இன்னும் இருக்கும். அந்த மாதக் கடைசியிலிருந்து கனடாவுக்குக் கிளம்ப ஆரம்பித்துவிடும். ஐந்தடி உயரம், வட அமெரிக்காவிலேயே உயரமான பறவை. 1941ல் உலகத்தில் மிச்சம் இருந்தவை இருபது சொச்சம்தான். அதிலிருந்து மீண்டு வந்த கூட்டம் உங்கள் வீட்டிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் நண்டு தின்றுகொண்டிருக்கிறது. மணல் எங்கேயும் இருக்கும் ஐயா.

பக்கத்திலேயே கூஸ் ஐலண்ட் மாநிலப் பூங்கா. ஆயிரம் வயதுக்கு மேற்பட்ட ஒரு லைவ் ஓக் மரம் நிற்கிறது, கார் நிறுத்தும் இடத்திலிருந்து நாலு எட்டு, அம்மாவுக்குக் கஷ்டமே இல்லை. டெக்சாஸ் பூங்காக்கள் முன்பதிவை 5 மாதம் முன்னால்தான் திறக்கும், அதனால் அங்கேயும் நெருக்கடிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்ரே தீவின் மலக்கீட் முகாமுக்கு முன்பதிவே கிடையாது, முதலில் வருபவருக்கு இடம். கரண்ட் இணைப்பும் கிடையாது. போர்ட் அரன்சஸ் ஃபெர்ரி இலவசம், ஆர்.வி.யையும் ஏற்றுவார்கள். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு திருவிழா.

குவார்ட்ஸ்மணல்

ஸ்பிரிங் பிரேக்கில் போர்ட் அரன்சஸா? கல்லூரிப் பையன்கள் கூட்டம் தெரியுமா?

குருவிநோட்டம்

பனாமா சிட்டி பீச்சில் மார்ச் மாதம் மட்டும் கடற்கரையில் மது கூடாது என்று தனிச் சட்டம் போட வேண்டிய நிலை வந்ததே, அது எந்த மாநிலம்? ஃப்ளோரிடாதானே. கூட்டம் இரண்டு பக்கமும்தான். பாட்ரே தீவுத் தேசியக் கடற்கரைக்குள் போய்விட்டால் சத்தம் குறையும்.

பஞ்சர்பாண்டி

டெக்சாஸ் கரை என்றால் காற்றைப் பற்றியும் சொல்லுங்கள். மார்ச்சில் தென்கிழக்குக் காற்று நாள் முழுக்க அடிக்கும். நடுவில் வடக்கிலிருந்து குளிர்க்காற்று ஒன்று இறங்கினால் ஒரு மணி நேரத்தில் இருபது டிகிரி ஃபாரன்ஹீட் விழும். மஸ்டாங் தீவில் எங்கள் வாடகை ஆர்.வி.யின் பக்கப் பந்தலை விரித்துவிட்டு உள்ளே சாப்பிட உட்கார்ந்தோம். சோறு போடுவதற்குள் பந்தல் கூரைமேல் கிடந்தது. வாடகைக்காரர் முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார். பந்தலும் கூரையும் காப்பீட்டில் வராதாம், பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

நங்கூரம்

பந்தலை விரித்துவிட்டு உள்ளே போனது யார் தப்பு? வெளியே ஆள் இல்லையென்றால் சுருட்டிவிட வேண்டும். இதற்கு ஆர்.வி.யைக் குறை சொன்னால் எப்படி?

ஆனால் காப்பீட்டு விஷயத்தில் பாண்டி பக்கம்தான் நான். புதுஓட்டி, உங்கள் கார் பாலிசியும் கிரெடிட் கார்டும் ஆர்.வி.க்குப் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் பொருந்தாது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வண்டி உயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். 11, 12 அடி இருக்கும். காப்பி வாங்க டிரைவ்-த்ரூவில் நுழைந்து கூரையைக் கிழித்தவர்கள் எத்தனையோ பேர்.

காற்று என்றால் கிழக்கே மட்டும் சும்மா இருக்குமா? லேக் சார்ல்ஸ் பழைய பாலம் 1952ல் கட்டியது, மலை ஏறுவது போல ஏறி இறங்கும். அப்புறம் அச்சாஃபலாயா சதுப்பின் மேல் 18 மைல் பாலம். குறுக்குக் காற்றில் முதல் முறை ஆர்.வி. ஓட்டுகிறவருக்குக் கை நடுங்கும். மார்ச், ஏப்ரலில் லூசியானா முதல் அலபாமா வரை டொர்னேடோ எனும் சுழல்காற்று எச்சரிக்கையும் வரும். முகாமுக்குப் போனதும் கெட்டிக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் அது குளியலறைக் கட்டடம்தான்.

புதுஓட்டி

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். அம்மா கிரைண்டர் எடுத்து வரலாமா என்று கேட்கிறார். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார குக்கரும் உண்டு.

நங்கூரம்

சிரிக்கவில்லை, எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கப்போவது 30 ஆம்ப் வண்டி. 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடினால் ஒன்றரை ஆயிரம் போய்விடும். இன்ஸ்டன்ட் பாட் ஆயிரம். கூடவே யாராவது மைக்ரோவேவில் பால் சுட வைத்தால் டப்பென்று எல்லாம் அணைந்துவிடும். ஒவ்வொன்றாகப் போட்டால் ஒன்றும் ஆகாது. மலக்கீட் மாதிரி கரண்ட் இல்லாத முகாமில் ஜெனரேட்டர் போட்டுத்தான் அரைக்க வேண்டும். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

பஞ்சர்பாண்டி

இதற்குத்தான் சொன்னேன், அபார்ட்மெண்ட்.

குவார்ட்ஸ்மணல்

பாண்டி சொல்வதற்கு முதல் முறையாகத் தலையாட்டுகிறேன். காரில் அலபாமா போய் அபார்ட்மெண்டில் தங்குங்கள். வெள்ளை மணலும் கிடைக்கும், லிஃப்டும் கிடைக்கும்.

குருவிநோட்டம்

மார்ச்சில் அங்கே கடல் தண்ணீர் அறுபது சொச்சம் டிகிரி ஃபாரன்ஹீட். மணலைப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டரோடு உட்கார அவ்வளவு தூரமா?

புதுஓட்டி

நேற்று ராத்திரி வீட்டில் பேசினோம். ஐந்து நாளாகக் காலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொண்டே இருந்ததில் கூஸ் ஐலண்டில் ஞாயிறு முதல் மூன்று ராத்திரி ரத்தாகி வந்தது, கரண்டோடு. உடனே எடுத்துவிட்டேன். முதல் நாள் சனி, வண்டியை வாங்கி வீட்டு வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் பழகிப் பார்ப்பது. புதன்கிழமை போர்ட் அரன்சஸ் பக்கம் ஒரு தனியார் முகாம், அங்கேயும் மூன்று ராத்திரி, கடைக்கு நடந்து போகிற தூரம். சனிக்கிழமை திரும்பிவிடுகிறோம். மலக்கீட்டுக்குப் பகலில் மட்டும் போய் வருவதாக இருக்கிறோம்.

பிள்ளைகள் வெள்ளை மணலுக்கு இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் காரில் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பஞ்சர்பாண்டி

அக்டோபரிலும் புயல் காலம்தான் நண்பரே, நவம்பர் 30 வரை. மைக்கேல் புயல் கரையேறியது 2018 அக்டோபர் 10. ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற இடமாகப் பாருங்கள்.

கிரைண்டர் என்ன ஆயிற்று?

புதுஓட்டி

வெள்ளிக்கிழமையே வீட்டில் அரைத்து எடுத்துப்போவதாக அம்மா சொல்லிவிட்டார். ஆர்.வி. ஃபிரிட்ஜ் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று இப்போது அளவு கேட்கிறார்.

நங்கூரம்

வண்டி ஓடும்போது மாவுப் பாத்திரத்தைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். மூடி போட்டால் மட்டும் போதாது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவு வழியில் விக்டோரியா ஊர்ப் பக்கத்தில் ஒரு வளைவில் திறந்துகொண்டது.